28 நாள் சமையலும் ஓர் அடுப்பங்கரைத் திட்டமும்

"சார், வீட்டு வேலை ஆரம்பிச்சாச்சா?" என்று போன மாதத்திலிருந்து பலர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கைவலிதான் மிச்சம். அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் நான், உங்களுக்குத் தெரியாததா!

எங்கள் சமயபுரத்து வீடு 1964இல் என் தந்தையார் கட்டியது. மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரம், அதன் மேல் சின்னச் செங்கலை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டிய தளம். அடுப்பங்கரை பத்தடிக்குப் பன்னிரண்டடி. தரை சிவப்பு சிமெண்ட். அறுபது ஆண்டாகக் காலடி பட்டு, எண்ணெய் தடவியதுபோல் மின்னும். சிலிண்டரை உருட்டி இழுத்த மூலையில் மட்டும் பெயர்ந்திருக்கிறது. 1988இல் கேஸ் வந்தபோது, விறகடுப்புக்கு மேலே இருந்த புகைக்கூண்டை மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று ஒரு கல்லை வைத்து சிமெண்ட் பூசி அடைத்துவிட்டோம். அந்த அடைப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கூரையில் கசிவு, சுவரில் உப்பு பூத்தல், மேடையில் விரிசல். இந்த ஆண்டு வேலை பார்த்தே ஆகவேண்டும் என்ற நிலை. ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். டேப்பை நீட்டிச் சுருட்டி, "சார், எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு மாடுலர் கிச்சன் போட்டுடலாம்" என்றார். 4,80,000 ரூபாய். தரை, சுவர், மேடை, அலமாரி எல்லாம் குப்பை வண்டிக்கு. அம்மியைக் காலால் தட்டி, "இது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கோபம் வந்தது.

முப்பத்தைந்து வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மரம் நட்டவன், தன் வீட்டு அடுப்பங்கரையை இரண்டு லாரி இடிபாடாக மாற்றிப் பெருவளை வாய்க்கால் கரையில் கொட்டுவதா? (எங்கள் ஊரில் இடிபாடு கடைசியில் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.) வரைபடத்தாள் வாங்கினேன். பென்சில் சீவினேன். "சுற்றுச்சூழலுக்கு உகந்த சமையலறை" என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டேன்.

அந்தத் தாளில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு மூலையில் மண் அடுப்பு. மண்பானைகளுக்கு அலமாரி. மிக்ஸி இருந்த இடத்தில் அம்மி. சுவர் முழுவதும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்த பூச்சு. சிங்க் தண்ணீர் நேராக வாழைக்கு. மாடியில் சூரியத் தகடு. ஸ்ரீரங்கத்து மாமா இதைப் பார்த்துவிட்டு, "பேஷ், ரங்கநாதர் கோயில் மடப்பள்ளியிலேகூட தினமும் புது மண்பானைதான்" என்று உற்சாகமூட்டினார்.

என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை இரண்டு நிமிடம் பார்த்தார். "பெருமாளுக்கு மடப்பள்ளியில ஆள் இருக்காங்க. இங்க யாருங்க?" என்றார். அப்புறம், "அம்மியை உள்ள வையுங்க, வேண்டாம்னு சொல்லலை. அரைக்கிறது நீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நாற்பத்திரண்டு வருடமாக அந்த அறையில் நிற்பவர் அவர். இரண்டு வாரமாகத் தாளில் கோடு போட்ட நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்ததே தவிர, ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதை வேறொன்று வந்து ஒப்புக்கொள்ள வைத்தது.

மாசிக் கடைசியில் அவருக்கு முட்டிவலி அதிகமாகி, ஒரு மாதம் நிற்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நம் கோயிலில் பூச்சொரிதல் தொடக்கம். வெளியூரில் இருக்கும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றிலிருந்து 28 நாள் அம்மன் நமக்காகப் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த தளிகை படைப்பதில்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு இவைதாம். ஊரெல்லாம் பூக்கூடை தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடக்க, நான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். கடைசி நாளில் என் மனைவி பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "அம்மனோட சேர்ந்து எனக்கும் ஏறக்குறைய பச்சைப்பட்டினிதான்."

நான் எதையும் அளந்து பார்க்கிறவன் என்று உங்களுக்குத் தெரியும். சிலிண்டர் மாற்றும் தேதியைக் காலண்டரில் குறிப்பது என் வழக்கம். என் மனைவி கையில் ஒரு சிலிண்டர் சராசரியாக 52 நாள் வந்திருக்கிறது. உள்ளே இருப்பது 14.2 கிலோ. அப்படியென்றால் ஒரு நாளைக்குச் சுமார் 273 கிராம். நான் சமைக்கத் தொடங்கிய அன்று புதுச் சிலிண்டர் மாட்டினோம். 28ஆம் நாள் அதைக் குளியலறை எடைப் பொறியில் ஏற்றி, கழுத்து வளையத்தில் அச்சிட்டிருக்கும் காலி எடையைக் கழித்துப் பார்த்தேன். மிச்சம் 3 கிலோ. நாளொன்றுக்கு 400 கிராம் எரித்திருக்கிறேன். இத்தனைக்கும் அவர் வைப்பதுபோல் இரண்டு காய், ஒரு துவையல் எல்லாம் நான் வைக்கவில்லை. குழம்பு, ரசம், ஒரு பொரியல், அவ்வளவுதான்.

எங்கே போனது அந்த 127 கிராம்? கட்டிலில் உட்கார்ந்தபடி அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் நோட்டில் எழுதினேன். பருப்பைக் குளிக்கப் போகும் முன் ஊறப்போட வேண்டும், நான் அப்படியே போட்டேன். காய் எல்லாம் நறுக்கி முடித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், நான் பற்றவைத்துவிட்டுக் கத்தியைத் தேடினேன். பாலை ஃபிரிட்ஜிலிருந்து முன்னாலேயே எடுத்து வெளியில் வைக்க வேண்டும். சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்தால் தீ பக்கவாட்டில் ஏறி வீணாகும். கொதி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். கடைசி விஷயம் நான் உங்களுக்கு எட்டாம் வகுப்பில் நடத்தியது! திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, தீயைக் கூட்டினால் வேகமாக ஆவியாகுமே தவிரச் சீக்கிரம் வேகாது என்று பலகையில் படம் போட்டவன் நான். அதை நாற்பத்திரண்டு வருடம் செய்துகொண்டிருந்தவர் அவர். எண்ணிப் பார்த்தால், அந்தத் தாளில் நான் வரைந்த எதைவிடவும் இந்தப் பழக்கங்கள்தான் அதிக எரிவாயுவை மிச்சப்படுத்தியிருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட என் தாளில் இல்லை.

இன்னொன்று, தோள்வலி. பத்தாம் நாளில் எனக்கே வந்தது. மேடை உயரம் 36 அங்குலம். அதன் மேல் அடுப்பு, அதன் மேல் குக்கர். நான் ஐந்தடி ஏழங்குலம், எனக்கே குக்கரைக் கிளறக் கையைத் தூக்க வேண்டியிருந்தது. அவர் நாலடி பதினொன்று. 1988இல் விறகடுப்பை எடுத்துவிட்டு மேடை கட்டியபோது கொத்தனார் தன் இடுப்புக்கு அளந்தார், நான் தலையாட்டினேன். சமைக்கப் போகிறவரை யாரும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பார்க்கவில்லை. வேலை செய்யும் மேடை முழங்கைக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே இருக்க வேண்டும். அடுப்பு வைக்கும் இடம் அதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். சிங்க் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் கை அதன் குழிக்குள்ளே இறங்குகிறது. நெம்புகோல் பாடத்தில் இதையும் சொல்லியிருக்கலாம் நான்.

மண் அடுப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உறவினர்களுக்குத் தெரிந்ததுதான், மாணவர்களுக்குத் தெரியாது. என் தாயார் இதே அறையில் கால் நூற்றாண்டு விறகிலும் வறட்டியிலும் சமைத்தார். புகைக்கூண்டு இருந்தும் மழைக்காலத்தில் ஈர விறகின் புகை வெளியேறாது. ஊதாங்குழலும் கையுமாக, கண்ணில் நீர் வழிய இருப்பார். கேஸ் வந்த பிறகு எட்டு ஆண்டு இருந்தார், ஆனால் இருமல் போகவில்லை. 1996இல் கடைசியாக மருத்துவமனையில் சேர்த்தபோது எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் என்னை வெளியே அழைத்து, "அம்மா பீடி குடிப்பாங்களா?" என்று கேட்டார். வெற்றிலைகூடப் போடாதவர் என் அம்மா. வீட்டுக்குள் எரியும் விறகு, கரிப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் படித்தபோதெல்லாம் அந்த டாக்டரின் கேள்விதான் ஞாபகம் வந்தது. அப்படி இருந்தும் பென்சிலால் அதே மூலையில் மண் அடுப்பை வரைந்திருக்கிறேன் பாருங்கள்! பழசெல்லாம் இயற்கை, இயற்கையெல்லாம் நல்லது என்று ஒரு மயக்கம். என் மனைவி இதை ஒரு வார்த்தையும் சொல்லிக்காட்டவில்லை. அழிப்பானை எடுத்து நானே அழித்தேன்.

இப்போது புதுத் திட்டத்துக்கு வருகிறேன்.

முதல் வேலை அந்தப் புகைக்கூண்டைத் திறப்பது. இதில்தான் எனக்கு உண்மையான சந்தோஷம். சூடான காற்று மேலே ஏறும். மேலே ஒரு வழியும் கீழே ஒரு வழியும் இருந்தால், விசிறி இல்லாமலே காற்று ஓடும். என் தந்தையார் காலத்துக் கொத்தனார் அதைச் சரியாகத்தான் கட்டியிருந்தார், நாங்கள்தான் கல்லால் அடைத்தோம். போன வாரம் அந்தக் கல்லை நெம்பி எடுக்கச் சொன்னேன். உள்ளே ஒரு சாண் கரி. அதற்கு நேர் கீழே ஒரு ஊதுபத்தியைப் பிடித்து, வடக்கு ஜன்னலின் கீழ்க்கதவைத் திறந்தோம். புகை கோடு போட்டதுபோல் மேலே போனது. என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்து, "இத்தனை வருஷமா இதை அடைச்சு வச்சுட்டா எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கிட்டிருந்தோம்?" என்றார். மேலே மழை இறங்காதபடி நாலு கால் வைத்து ஒரு சின்ன ஓட்டுக் கூரை, கொசுவலைக் கம்பி, அவ்வளவுதான் செலவு. கேஸ் அடுப்பிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், தாளிக்கும் எண்ணெய்ப் புகை வேறு. அதனால் காற்றோட்டம் வீண் ஆடம்பரம் இல்லை. ஃபேனும் இருக்கும், மிளகாய் வறுக்கும் நாளுக்கு.

தரை அப்படியே இருக்கும். பெயர்ந்த மூலையில் மட்டும் காவி கலந்து பூசப்போகிறோம். நிறம் ஒட்டாது, பட்டு வேட்டியில் ஒட்டுப் போட்டதுபோல் தெரியும் என்று கொத்தனார் சொல்கிறார். தெரியட்டும். எண்ணெய் சிந்தினால் டைல்ஸ் வழுக்கும், அந்த முட்டியோடு அவர் விழுந்துவைத்தால் என்ன செய்வது?

சிமெண்டைக் குறைக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்டால். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருளிலிருந்து மட்டுமல்ல, கல்லுக்குள்ளிருந்தே அந்த வாயு வெளியேறுகிறது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புத்தகப் பாடம் இல்லை. கல்லக்குடி என்றதும் 1953 போராட்டம் ஞாபகம் வரும், ஆனால் டால்மியாபுரம் என்ற பெயரே அங்கே 1939இல் வந்த சிமெண்ட் ஆலையால்தான். அங்கிருந்து அரியலூர் வரை பூமிக்கு அடியில் சுண்ணாம்புக்கல். முன்னொரு காலத்தில் கடலாக இருந்த நிலம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கிளிஞ்சல் புதைபடிவம் பொறுக்கியிருக்கிறோம், சிலர் இன்னும் மேசையில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். காண்ட்ராக்டர் கணக்கில் 40 மூட்டை சிமெண்ட். இடிக்காமல் ஒட்டிச் செய்தால் 9 மூட்டை போதும்.

கடுக்காய்ச் சுண்ணாம்புப் பூச்சை எல்லாச் சுவருக்கும் போடும் ஆசையை விட்டுவிட்டேன். அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கூலி அதிகம், காய்வதற்கும் நாளாகும். ஆனால் கூரைக்கு மட்டும் சுண்ணாம்புதான். சுண்ணாம்பில் கட்டிய தளத்தின் மேல் சிமெண்டைப் பூசினால் வெயிலில் இரண்டும் ஒன்றுபோல் அசையாது, ஆறு மாதத்தில் விரிசல் விடும். இப்போது ஒழுகுவதே 2005இல் நான் செய்த சிமெண்ட் ஒட்டால்தான். கூரை வேலையோடு கூடவே ஒரு கண்ணாடித் துண்டும் பதித்து வெளிச்சம் இறக்கப்போகிறோம். பகலில் டியூப்லைட் வேண்டியிருக்காது.

அலமாரிக்கு பார்ட்டிகிள் போர்டு இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் என் தங்கை மகன் வீட்டு மாடுலர் கிச்சன் அப்பளம்போல் உப்பியதை நேரில் பார்த்தவன் நான். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை அது, நனைந்தால் தீர்ந்தது. அந்தப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வேறு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். மேடையில் இருக்கும் கடப்பாக்கல்லையே அறுத்துத் தட்டுகளாக வைத்துவிடலாம். கதவுக்கு மட்டும் இடித்த வீட்டுப் பழைய தேக்கு. காரைக்குடியில் பழைய சாமான் கடைத் தெருவில் கிடைக்கும், ஒருநாள் போய்வர வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கும் முன்பே ஆர்வம் தாங்காமல் சிங்க் குழாயைத் திருப்பி வாழைப்பாத்திக்கு விட்டேன். பத்து நாளில் நாற்றம். எண்ணெய்ப் பிசுக்கு மண்ணின் மேல் ஏடுபோல் படர்ந்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்று கொசு வைத்துவிட்டது. பின்வீட்டுக்காரர் என் மாணவர், அதனால் மரியாதையாக, "சார், ராத்திரி ஜன்னல் திறக்க முடியலை" என்றார். இடையில் ஒரு சின்னத் தொட்டி வேண்டுமாம். அதில் எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், கீழ்த்தண்ணீர் மட்டும் வளைகுழாய் வழியாகப் போகும். அப்புறம் ஜல்லி, மணல், கல்வாழை, அதற்கும் பிறகுதான் வாழை. அடர்த்தி வேறுபாடு என்று எத்தனை பரீட்சையில் கேள்வி கேட்டிருக்கிறேன்! மேலே நிற்கும் எண்ணெயை வாரம் ஒருமுறை எடுப்பது என் வேலை என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார் வீட்டம்மா.

குடிதண்ணீர் எந்திரத்தைக் கழற்றியாகிவிட்டது. ஒரு லிட்டர் வடிகட்ட இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது அது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு அந்த எந்திரமே தேவையில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. எங்கள் குழாயில் அளந்தேன், அதற்கு நன்றாகவே கீழே. கொதிக்கவைத்துப் பானையில் ஊற்றுகிறோம்.

சூரியத் தகடு இப்போதைக்கு இல்லை. மானியம் உண்டு, மகள் பணம் அனுப்புகிறேன் என்கிறாள். ஆனால் தெற்கே நிற்கும் வேப்பமரத்தை வெட்டினால்தான் மாடியில் வெயில் விழும். சமயபுரத்தில் இருந்துகொண்டு வேப்பமரத்தை வெட்டு என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? காலைப் பாலுக்கும் காப்பிக்கும் மட்டும் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. கொஞ்சம் மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறதே. ஆனால் அந்த மின்சாரத்திலும் நிலக்கரி இருக்கிறது என்பதை மறந்துவிட்டுப் பெருமைப்படக்கூடாது.

வைக்கோல் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? அறிவியல் கண்காட்சியில் அட்டைப்பெட்டி, வைக்கோல், அரை வேக்காட்டுச் சோறு, இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் மல்லிகைப் பூவாகச் சோறு! அதை மறுபடி செய்திருக்கிறேன், பழைய கோதுமைச் சாக்கிலும் போர்வையிலும். பருப்பு ஒரு கொதி வந்ததும் அதற்குள் இறக்கிவிடுகிறோம். இது ஒன்றுதான் என் பழைய தாளிலிருந்து தப்பியது. இதுவும்கூட, "அடுப்புக்கிட்ட நிக்க வேண்டாம்னா சரி" என்ற ஒரே காரணத்துக்காக.

அரசு கொடுத்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது, அது இருக்கும். அம்மி புழக்கடைத் திண்ணையில். ஞாயிற்றுக்கிழமைத் துவையல் நான்தான். இரண்டு வாரமாகத் தேங்காய்த் துவையல். மூன்றாவது வாரம் அவர் பிரண்டை கேட்டிருக்கிறார்.

மொத்தச் செலவு 1,65,000க்குள் முடியும் என்று கணக்கு. சித்திரைத் தேர் முடிந்து கூட்டம் வடிந்ததும் வேலை. செங்கல், மணல் வண்டி அதற்கு முன் தெருவுக்குள் வரவே முடியாது. கொத்தனார் 1994ஆம் வருடத்து பத்தாம் வகுப்பு பி பிரிவு. கணக்கில் 38 வாங்கியதற்காக என்னிடம் முட்டிபோட்டவர், இப்போது என் கணக்கைத் திருத்துகிறார்.

நேற்று மாலை அவர் அளவெடுக்க வந்தபோது, நான் டேப்பை வாங்கி நீட்டப் போனேன். "சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அம்மா, நீங்க வாங்க, இப்படி நின்னு கையை மடக்குங்க" என்றார். என் மனைவி சுவரோரம் நின்று கையை மடக்கினார். முழங்கைக்கு நேராக ஒரு கோடு, அதற்குக் கீழே இரண்டு கோடு. சிங்க் 34 அங்குலம், அடுப்பு மேடை 28. சாக்பீஸ் மட்டும் நான் கொடுத்தேன். வீட்டில் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது.

கண்ணாடிப் பதிப்பு ஒழுகாமல் போட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் நல்ல சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்பதும் தெரிய வேண்டும். உங்கள் டீச்சரம்மா முட்டி இப்போது பரவாயில்லை, வாசல்வரை நடக்கிறார்.